கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது: தக்காளித் தோட்டம் முதல் நடுகல் வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் திறந்துகொள்ளுங்கள். பச்சைச் செடி, அதில் கொத்தாகச் சிவந்த பழம். கலரில் பழம்தான் முதலில் கண்ணில் படும். இப்போது ஏதாவது ஒரு மென்பொருளில் ஒரே சொடுக்கில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பல நேரம் பழத்தைத் தேட வேண்டியிருக்கும். செடியும் பழமும் ஒரே சாம்பலில் கலந்து புதர் மாதிரி நிற்கும்.

காரணம் வெறும் கணக்கு. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். பழத்தில் ஒரு புள்ளி 200, 50, 40 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து இலையில் ஒரு புள்ளி 70, 110, 45. சாம்பலாக்கும்போது சிவப்பில் 30%, பச்சையில் 59%, நீலத்தில் 11% எடுத்துக் கூட்டுவது பழைய டிவி காலத்திலிருந்து வரும் வழக்கம். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படும் என்பதால் அப்படி ஒரு விகிதம். கூட்டிப் பார்த்தால் பழத்துக்கு 94 வரும், இலைக்கு 91. இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. அதுவே சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பழம் 200, இலை 70. பழம் பளீரென்று வெளுத்து நிற்கும். பச்சையை மட்டும் எடுத்தால் பழம் 50, இலை 110. இலைக்கு நடுவே பழம் கறுப்புக் குண்டாகத் தெரியும்.

ஒரே படத்துக்கு மூன்று முகம். எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும், எது எவ்வளவு கருக்க வேண்டும் என்று நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன் கணக்கில் போட்டுவிடும். கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான்.

எந்தப் படம் தாங்கும்

எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைக்கு ஆகாது. செண்டுமல்லி, சாமந்தி குவிந்து கிடக்கும் பூச்சந்தையில் நிறம்தான் விஷயம். அதை எடுத்துவிட்டால் சாம்பல் உருண்டைகளும் கோணிப் பையும்தான் மிஞ்சும். மாங்காய் மண்டியும் அப்படித்தான். காயா, பழமா என்பதே நிறத்தில்தான் தெரியும்.

மாறாக, எருது விடும் விழாவில் கிளம்பும் புழுதி, தெருக்கூத்து ஆடுபவரின் முகத்தில் பக்கவாட்டில் விழும் வெளிச்சம், கிருஷ்ணகிரி மலைப் பாறை, ஒகேனக்கல் தண்ணீர், வயதானவர்களின் முகம் போன்றவை நன்றாகத் தாங்கும். வெளிச்சம், வடிவம், மேற்பரப்பின் சொரசொரப்பு இவை பேசுகிற படமா, நிறம் பேசுகிற படமா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

கல்யாண மண்டபப் படங்கள் தனி ரகம். மேடையில் ஊதா, ரோஸ் எல்.இ.டி. வெளிச்சம் அடித்து முகமெல்லாம் விகாரமாக வந்திருக்கும். கலரில் சரி செய்யவே முடியாத அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளைதான் காப்பாற்றும். எப்படி என்பதைச் சேனல், அதாவது ஒவ்வொரு நிறத்தின் எண்களையும் தனிப் படமாகப் பார்ப்பது, பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

தொடங்கும் முன்

கேமரா ரா ஃபைல் (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ஃபைல்) கொடுத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக் ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படி. நீல வானத்தை இழுத்துக் கருக்க வைக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜேபெக்கில் வானம் பட்டை பட்டையாக உடையும், ரா ஃபைலில் வழுவழுப்பாக இறங்கும்.

ஜேபெக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. ஃபைல் அளவைக் குறைக்க, வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிற விவரத்தைப் பெரும்பாலும் கால்வாசியாகச் சுருக்கிவிடும். கலரில் பார்க்கும்போது இது தெரியாது. நிற ஸ்லைடரை (ஒரு நிறத்தை வெளுக்கவோ கருக்கவோ வைக்கும் இழுவைப் பட்டையை) பலமாக இழுத்தால் ஓரங்களில் கட்டம் கட்டமாக வெளியே வரும். அதனால் போன் படத்தில் ஸ்லைடரை அளவோடு இழுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் இன்னும் மோசமாகச் சுருங்கியிருக்கும். அனுப்புகிறவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். ரா ஃபைலோடு சேர்த்து எடுப்பதானால் தாராளமாக வையுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ரா ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். வெறும் ஜேபெக்காக மோனோக்ரோமில் எடுத்தால் நிறம் போனது போனதுதான். இந்த வழிகாட்டியில் உள்ள பாதி வேலையைச் செய்ய முடியாது.

மாற்றும் முன் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச் சாய்வை, சரி செய்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையாகத்தானே போகப் போகிறது, இது எதற்கு என்று தோன்றும். நிற ஸ்லைடர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. குண்டு பல்ப் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியே மஞ்சளாக இருந்தால், மஞ்சள் ஸ்லைடரைத் தொட்டதும் வேட்டியும் முகமும் சேர்ந்து ஆடும். ஃபோட்டோஷாப்பில் முடிந்தால் 16 பிட்டுக்கு (நிறப் படிகள் அதிகம்) மாற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மூன்று சேனலையும் பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான அரை நிமிடம். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் விசையோடு 3, 4, 5 ஆகிய எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்கள் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரியும். 2 அழுத்தினால் கலர் திரும்பிவிடும். ஜிம்ப் மென்பொருளில் கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ். ஆர்ஜிபி என்று கொடுத்தால் மூன்றும் மூன்று லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தாள் மாதிரி) பிரிந்து வரும்.

மனித முகம் உள்ள படத்தில் சிவப்புச் சேனல் வழுவழுப்பாக இருக்கும், பருவும் கருவளையமும் மங்கிவிடும். பச்சையில் விவரம் அதிகம். நீலத்தில் தோலின் ஒவ்வொரு குறையும் கருத்துத் தெரியும், போதாக்குறைக்கு நாய்ஸும் (புள்ளி புள்ளியான கரகரப்பு) அதில்தான் மிகுதி. வழக்கமான கேமரா சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. குண்டு பல்ப் போன்ற மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் அந்தச் சேனல் இன்னும் பசியோடு கிடக்கும்.

மேலே சொன்ன ரோஸ் வெளிச்சப் படத்துக்கு இப்போது வருவோம். சிவப்புச் சேனலைப் பார்த்தால் முகம் வெள்ளைக் காகிதம் மாதிரி எரிந்திருக்கும், மூக்கும் கன்னமும் தெரியாது. பச்சைச் சேனலுக்குப் போனால் அதே முகம் நிழலும் வெளிச்சமுமாக முழுதாக இருக்கும், கொஞ்சம் இருட்டாக இருக்கலாம். பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டினால் ஆல்பத்தில் வைக்கிற மாதிரி படம் கிடைத்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் செய்யும் முறை

இமேஜ் மெனுவில் உள்ள டீசாச்சுரேட்டைத் தொடவே வேண்டாம். அது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். சுத்தச் சிவப்பு, சுத்தப் பச்சை, சுத்த நீலம் மூன்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும்.

லேயர் பேனலின் அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அதை அழுத்தி, பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேருங்கள். அடியில் உள்ள கலர் படம் அப்படியே இருக்கும், மேலே ஒரு கண்ணாடி வைத்த கணக்குத்தான். ஆறு ஸ்லைடர்கள் வரும்: சிவப்பு, மஞ்சள், பச்சை, சியான், நீலம், மெஜந்தா. தொடக்க எண்கள் வரிசையாக 40, 60, 40, 60, 20, 80.

ஸ்லைடரை நேரடியாக இழுப்பதைவிட, அந்தப் பேனலில் இருக்கும் கை வடிவக் கருவியை எடுத்துப் படத்தின் மேலேயே வையுங்கள். தக்காளியின் மேல் வைத்து வலப்பக்கம் இழுத்தால் பழம் வெளுக்கும், இடப்பக்கம் இழுத்தால் கருக்கும். எந்த ஸ்லைடர் நகர வேண்டும் என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இலையின் மேல் வைத்து இழுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் நகர்வது மஞ்சள் ஸ்லைடராக இருக்கும். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் செடி கொடி, கேழ்வரகுக் கொல்லை எல்லாவற்றிலும் மஞ்சள் கலந்திருக்கிறது. பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தும் கொல்லை அசையவில்லையே என்று குழம்புகிறவர்கள் மஞ்சளைத் தொட்டுப் பாருங்கள்.

தக்காளித் தோட்டத்துக்குச் சிவப்பை 90 வாக்கில் ஏற்றி, மஞ்சளையும் பச்சையையும் 30 பக்கம் இறக்கிப் பாருங்கள். பழம் மேலே வரும். இந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், காலை வெயிலுக்கும் உச்சி வெயிலுக்கும் மாறிவிடும். செம்மண் நிலம் தெரிகிற படமாக இருந்தால் சிவப்பை ஏற்றும்போது மண்ணும் சேர்ந்து வெளுக்கும். தருமபுரிப் பக்கம் கொல்லை, வரப்பு எடுத்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். அப்போது லேயரின் மாஸ்க்கில் (கறுப்பு பூசிய இடத்தில் அந்த லேயர் வேலை செய்யாது) கறுப்பு பிரஷ்ஷால் மண்ணை மூடிவிட்டு, மண்ணுக்குத் தனியாக இன்னொரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழி சேனல் மிக்சர். அதில் மோனோக்ரோம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்று ஸ்லைடர்தான். சிவப்பு, பச்சை, நீலச் சேனலில் எத்தனை சதவீதம் எடுக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லலாம். மூன்றும் சேர்ந்து 100 வரும்படி பார்த்துக்கொண்டால் படத்தின் மொத்த வெளிச்சம் மாறாது. ஆறு ஸ்லைடர் வழியில் ஒரு நிறத்தை மட்டும் முறுக்கினால் ஓரம் உடையும் அபாயம் உண்டு. சேனல் மிக்சரில் அது குறைவு. எனக்கு முகத்துக்கு இதுதான் பிடிக்கும்.

மற்ற மென்பொருள்கள்

ஜிம்ப் இலவசம். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட், அதற்குள் மோனோ மிக்சர். இதுதான் ஜிம்ப்பின் சேனல் மிக்சர் மோனோக்ரோம். முதலில் லேயரை நகல் எடுத்துக்கொண்டு அதன் மேல் செய்யுங்கள். 2025-ல் வந்த 3.0 பதிப்பில் இருந்து ஃபில்டரை அழியாமல் லேயரோடு ஒட்டி வைத்து, பிறகு திருத்தவும் வழி வந்துவிட்டது.

லைட்ரூம் கிளாசிக்கில் டெவலப் பகுதியில் வி எழுத்தை அழுத்தினால் கறுப்பு வெள்ளை. கீழே எட்டு ஸ்லைடர். ஃபோட்டோஷாப்பில் இல்லாத ஆரஞ்சு இதில் இருக்கிறது. நம் தோலின் நிறம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள்தான் வரும் என்பதால் முகப் படத்துக்குப் பெரிய வசதி.

போனில் செய்வதானால் ஸ்னாப்சீட் போதும். பிளாக் அண்ட் ஒயிட் கருவிக்குள் கலர் ஃபில்டர் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் லென்ஸ் மேல் மாட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடிக்குப் பதில் இது. தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கருக்க வைக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எது சரியோ அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முகமும் பொட்டும்

இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குக் கறுப்பு வெள்ளை வேலை அதிகம் வருவது வீட்டில் மாட்டுகிற பெரியவர்களின் படத்துக்காகத்தான். ஏதோ விசேஷத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, “அண்ணா, இதுல எங்க அம்மாவ மட்டும் எடுத்துப் பெருசா போட்டுத் தாங்க” என்பார்கள். சின்ன முகம், மண்டப வெளிச்சம், போன் ஜேபெக். நீலச் சேனலைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிடுங்கள். சேனல் மிக்சரில் சிவப்பு 50, பச்சை 45, நீலம் 5 என்று வைத்துத் தொடங்கினால் நாய்ஸ் பாதி அடங்கிவிடும்.

முகம் வழுவழுப்பாக வரட்டும் என்று சிவப்பை இன்னும் ஏற்றினால் ஒரு விபரீதம் நடக்கும். நெற்றிப் பொட்டு காணாமல் போகும். மாநிறத் தோலில் ஒரு புள்ளி 150, 100, 75 என்றும், குங்குமம் 170, 30, 40 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சேனலில் 150-க்கும் 170-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பொட்டு தோலோடு கலந்துவிடும். பச்சையில் 100-க்கு 30, பொட்டு நன்றாகக் கருத்து நிற்கும். சுமங்கலியாக இருந்தவரின் படத்தில் பொட்டு இல்லாமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு அதிகமான லேயரின் மாஸ்க்கில் நெற்றிப் பொட்டு, வகிட்டுக் குங்குமம், உதடு மூன்றையும் மூடிவிட்டு, அந்த இடங்களில் மட்டும் பச்சைச் சேனல் தெரியும்படி செய்யுங்கள். பழைய ஸ்டுடியோ படங்களில் பொட்டும் உதடும் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது.

புடவையையும் ஒரு பார்வை பாருங்கள். அரக்குச் சிவப்பில் பச்சை பார்டர் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தக்காளிக் கதைதான். பார்டரைப் பிரித்துக் காட்ட ஆறு ஸ்லைடர் லேயர் ஒன்றைப் புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு வையுங்கள்.

அப்புறம், ஆரஞ்சையும் சிவப்பையும் ஏற்ற ஏற்ற முகம் வெளுத்துக்கொண்டே போகும். கேட்காமலே அப்படிச் செய்து கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கறுத்த முகத்தின் அழகு கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழும் மினுமினுப்பில் இருக்கிறது. மொத்த முகத்தையும் ஏற்றினால் அந்த மினுமினுப்புக்கும் தோலுக்கும் இடையிலான தூரம் குறைந்து, முகம் சப்பையாகிவிடும். தோலை நடுச்சாம்பலுக்குக் கொஞ்சம் கீழேயே விட்டுவிட்டு, வெளிச்சம் பட்ட இடத்தை மட்டும் கர்வ்ஸில் (வளைகோட்டை இழுத்து வெளிச்சத்தை மாற்றும் கருவி) தூக்குங்கள். வெள்ளைத் தலைமுடி, சட்டை எரிந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுகல்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும், சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட நடுகற்கள் ஏராளம். பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற கல்லில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். வீரனின் வில் எது, மேலே உள்ள வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து) எது என்று கலர் படத்தில் தெரியாது. எழுத்து தெரியட்டும் என்று சிலர் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பு, சாக்பீஸ் தடவுகிறார்கள். கல்லுக்கும் கேடு, கும்பிடுகிறவர்களுக்கும் வருத்தம். கல்லைத் தொடாமல் சேனல் மிக்சரிலேயே குங்குமத்தைக் கழுவலாம்.

முதலில் கல்லின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் சாம்பல் கல் 150, 145, 140 போல இருக்கும். குங்குமம் 170, 30, 40. மஞ்சள் 200, 150, 40. சிவப்புச் சேனலில் மூன்றும் 150, 170, 200 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. குங்குமம் ஏறக்குறைய மறைந்து, மஞ்சள் மட்டும் லேசான வெள்ளைத் திட்டாகத் தெரியும். இனி சேனல் மிக்சரில் சிவப்பு 90, பச்சை கழித்தல் 10, நீலம் 20 என்று வையுங்கள். கூட்டினால் 100. கல் 149, குங்குமம் 158, மஞ்சள் 173. திட்டு இன்னும் அடங்கி, உளி போன கோடுகள் மேலே வரும்.

எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கருத்த கல் என்றால் இதே செயல் தலைகீழாகிவிடும். கல் 50, 48, 45 என்று இருக்கும்போது சிவப்புச் சேனலில் குங்குமம் 170, பளீரென்று வெள்ளைப் பொட்டாக எரியும். அந்தக் கல்லுக்கு நீலச் சேனலைப் பாருங்கள். கல் 45, குங்குமம் 40, மஞ்சள் 40. பூச்சு இருந்த சுவடே தெரியாது. நாய்ஸ் இருக்கும், மொத்தமும் இருட்டாக இருக்கும். அதனால் ரா ஃபைலில், ஸ்டாண்ட் வைத்து, குறைந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் வெளிச்ச உணர்வு அளவு) எடுத்து, பிறகு லெவல்ஸ் கருவியில் வெளிச்சத்தைத் தூக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மென்பொருளால் முடியாது. உச்சி வெயிலில் நேராக வெளிச்சம் விழுந்த கல்லில் செதுக்கலின் நிழலே இருக்காது, எந்தச் சேனலிலும் எழுத்து எழாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் உரசிப் போகும்போது எடுங்கள். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

வானமும் தண்ணீரும்

ஒகேனக்கல் படத்தில் எல்லாரும் முதலில் செய்வது வானத்தைக் கருக்க வைப்பது. ரெட் ஃபில்டர் என்ற ஆயத்த அமைப்பைத் தட்டினால் நீல வானம் இருண்டு மேகம் துள்ளி நிற்கும். கூடவே பரிசலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டும் வெள்ளையாக எரிந்து, பார்ப்பவர் கண் அருவியை விட்டு அங்கே போய்விடும். அதனால் ஆயத்த ஃபில்டரை விட்டு, நீலத்தையும் சியானையும் மட்டும் இறக்குங்கள். சிவப்பு, மஞ்சள் இரண்டையும் ஜாக்கெட் நடுச்சாம்பலில் அடங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நீலத்தை இறக்கும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு. பாறை விளிம்பை 100% பெரிதாக்கிப் பாருங்கள். வானமும் பாறையும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கோடு மறையும் வரை திரும்ப ஏற்றிவிட்டு, மிச்சக் கருமையைக் கிரேடியன்ட் மாஸ்க் போட்ட கர்வ்ஸ் லேயரில் வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் காலத்து வெளிறிய வானத்தில் நீலமே கிடையாது. ஸ்லைடரை இழுத்துப் பயனில்லை, அந்தப் படத்தில் வானத்தை வெட்டிவிடுவது மேல்.

காவிரியில் வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். இது கறுப்பு வெள்ளைக்கு ஒரு வரப்பிரசாதம். மஞ்சளையும் சிவப்பையும் இறக்கினால் தண்ணீர் கருத்து, நுரை மட்டும் வெள்ளையாகப் பிரிந்து வரும். நீர் குறைந்த மாதங்களில் தண்ணீர் பச்சை கலந்து இருக்கும், அப்போது பச்சையையும் சியானையும் தொட வேண்டும்.

பாறைக்கு ஸ்லைடர் உதவாது

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டைப் பாறை, சுற்றியுள்ள கிரானைட் குன்றுகள் இவற்றில் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாறையில் நிறம் இருந்தால்தானே ஸ்லைடர் பிடிக்கும்? அங்கே கையால்தான் வேலை.

புது லேயர் ஒன்றை 50% சாம்பலால் நிரப்பி, பிளெண்ட் முறையைச் சாஃப்ட் லைட் ஆக்குங்கள். சாம்பல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். ஓரம் மென்மையான பிரஷ்ஷை 5 முதல் 10% ஒபாசிட்டியில் (பூச்சின் அடர்த்தி) வைத்து, வெளிச்சம் பட்ட பாறை முகட்டில் வெள்ளையும், வெடிப்புகளிலும் நிழலிலும் கறுப்பும் பூசுங்கள். இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்தில் கையால் மறைத்து மறைத்துச் செய்த டாட்ஜ், பர்ன் வேலை இதுதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை மாற்றாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் பலம் கொடுத்தால் போதும். லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள், செய்தது பளிச்சென்று தெரிந்தால் ஒபாசிட்டியைப் பாதியாக்குங்கள்.

கடைசி மெருகு

மாற்றியதும் படம் சோகையாகத்தான் இருக்கும். லெவல்ஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு முனை அம்புகளையும் நகர்த்தினால் எங்கே முழுக் கறுப்பு, எங்கே முழு வெள்ளை வருகிறது என்று காட்டும். சின்னப் பொட்டுகளாகத் தெரியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். பிறகு கர்வ்ஸில் மெல்லிய எஸ் வளைவு. கரகரப்பு வேண்டுமானால் கிரெய்ன் சேர்க்கலாம். நாய்ஸ் உள்ள போன் படத்தில் அந்த அசிங்கத்தையும் அது மூடிவிடும். பழுப்பு டோன் கேட்பார்கள், லேசாகப் போடுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கி ரோஜாவை மட்டும் சிவப்பாக விடும் வேலையை நான் செய்வதில்லை. கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

சேமிப்பதும் பிரிண்ட் போடுவதும்

லேயரோடு ஒரு பிரதி பிஎஸ்டியாகவோ, ஜிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப் ஆகவோ வைத்துக்கொள்ளுங்கள். லேபுக்குக் கொடுக்க எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறப் புரொஃபைலில் தனியாக ஜேபெக் எடுங்கள். கிரேஸ்கேல் மோடுக்கு மாற்ற வேண்டாம். சில இயந்திரங்கள் அதை வேறு மாதிரி படித்து இருட்டாக்கிவிடும்.

லேபில் கலர் பேப்பரில்தான் கறுப்பு வெள்ளையும் அடிக்கிறார்கள். அதனால் லேசாகப் பச்சையோ மெஜந்தாவோ அடிப்பது சகஜம். பெரிய அளவு கொடுக்கும் முன் 4க்கு 6-ல் ஒன்று போட்டு, வெளியே வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பச்சை அடித்தால் டோனைக் கொஞ்சம் பழுப்புப் பக்கம் தள்ளிக் கொடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் திரையின் பிரைட்னஸ் முழுதாக இருந்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும், பாதிக்கு இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கொடுக்கும்போது ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து இறக்கி வைத்த வானத்தை இயந்திரம் மறுபடி ஏற்றிவிடும்.